பாரதி பாட்டு இசைத்தட்டில் நின்றது எப்படி? (விவாத இழை)

பழைய தட்டு எழுதியது:

வேறொரு இழையில் ஒருவர், "பாரதி பாட்டை வாழ வைத்ததே சினிமாதான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார். அங்கே பதில் போட்டால் அந்த இழை திசை மாறிவிடும். அதனால் தனியாக ஆரம்பிக்கிறேன்.

சினிமா வாழ வைத்தது என்பது பாதிதான் உண்மை. கிராமபோன் தட்டு, எல்பி, கேசட், சிடி, இப்போது போன் என்று எல்லாவற்றிலும் ஒரு கவிஞர் விடாமல் வந்துகொண்டிருக்கிறார் என்றால் அதற்குச் சினிமாவுக்கு முந்திய காரணம் ஒன்று உண்டு, சினிமாவுக்கு வெளியே நடந்த காரணம் ஒன்றும் உண்டு. முந்தியது, அவர் மெட்டோடு எழுதினார். வெளியே நடந்தது, அவர் பாட்டு யாருக்கும் சொந்தமில்லாமல் போனது.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அதைத்தான் நிறையப் பேர் மறந்துவிட்டார்கள்.

1921 செப்டம்பரில் பாரதி இறந்தபோது அவர் எழுத்துக்குப் பெரிய சந்தை கிடையாது. குடும்பம் சிரமப்பட்டது. பதிப்புரிமை கைமாறி, அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் வந்தது. 1928இல் சென்னை அரசாங்கம் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது, சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து சண்டை போட்டார் என்பதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். நமக்கு வேண்டியது 1934இல் நடந்தது. பாட்டை ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதியவுமான உரிமையை மட்டும் தனியாகப் பிரித்து, ஜேசிங்லால் மேத்தா என்ற குஜராத்தி வணிகர் சொற்பத் தொகைக்கு வாங்கினார். அன்றைக்கு அதில் என்ன லாபம் கண்டாரோ! 1946இல் அவரிடமிருந்து ஏ.வி.எம். ஸ்டூடியோ அதிபர் ஏ.வி. மெய்யப்பன் வாங்கினார். மறு வருடம் பொங்கலுக்கு 'நாம் இருவர்' வந்தது. டி.கே. பட்டம்மாள் குரலில் "ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே", திரையில் குமாரி கமலாவின் ஆட்டம். சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்னால் "ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்" என்று கொட்டகையில் பாட்டு ஒலித்தால் கூட்டம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படம் ஓடியதும்தான் சிக்கல் வெளியே தெரிந்தது. பாரதி பாட்டைப் படத்தில் வைக்கவோ தட்டில் பதியவோ இனிமேல் ஒரு ஸ்டூடியோவிடம் அனுமதி கேட்க வேண்டும். டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டை வைத்ததும் ஏ.வி.எம். தரப்பு வழக்குக்குப் போனது. "பாரதிக்கு ஒரு செட்டியார் சொந்தக்காரரா?" என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். நாரண துரைக்கண்ணன் தலைமையில் பாரதி விடுதலைக் கழகம் கிளம்பியது. பாரதியின் மனைவி செல்லம்மாளிடமே நேரில் போய்ச் சம்மதம் வாங்கினார்கள். 1949இல் சென்னை மாகாணத்தின் ஓமந்தூரார் அரசு உரிமையை வாங்கியது. மெய்யப்பன் தன் பங்குக்கு இருந்த உரிமையை நஷ்ட ஈடு வாங்காமல் விட்டுக்கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். 1955இல் அரசு அதை மக்களுக்குப் பொதுவாக்கியது.

அப்படி நடந்திருக்காவிட்டால் உரிமை 1971 முடியும் வரை ஒரு கையில் இருந்திருக்கும். 1961இல் பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தபோது ஒவ்வொரு பாட்டுக்கும் இன்னொரு படக் கம்பெனியின் வாசலில் நின்றிருப்பார்.

---

கீபோர்டு அண்ணாச்சி எழுதியது:

அருமையான ஆரம்பம். முதல் காரணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பல வருடமாக மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மேடையில் நவீன கவிதைக்கு மெட்டுப் போடச் சொல்லிச் சிலர் வருவார்கள். வரி அழகாக இருக்கும், தாளத்தில் உட்காராது. இழுத்து, ஒடித்து, ஒரு "ஓ" சேர்த்துச் சமாளிக்க வேண்டும். பாரதியில் அந்தப் பேச்சே கிடையாது. "நெஞ்சு பொறுக்குதில்லையே" நொண்டிச் சிந்து. "நெஞ்சில் உரமுமின்றி" கிளிக்கண்ணி. "அச்சமில்லை அச்சமில்லை" பண்டாரப் பாட்டு. குடுகுடுப்பைக்காரனைக்கூட விட்டுவைக்கவில்லை மனுஷன். எல்லாமே தெருவில் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த மெட்டுகள்.

அரசியல் பாட்டில் அவர் செய்த வேலை இன்னும் நுட்பம். "தொண்டு செய்யும் அடிமை, உனக்குச் சுதந்திர நினைவோடா?" என்று ஓர் ஆங்கில அதிகாரி பேசுவது போல ஒரு பாட்டு. அதற்கு அவர் எடுத்த வர்ணமெட்டு, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் ஆண்டை நந்தனாரை ஏசும் பாட்டினுடையது. அன்றைக்கு அந்தக் கதாகாலட்சேபம் எல்லோருக்கும் மனப்பாடம். மெட்டு காதில் விழுந்ததுமே யார் ஆண்டை, யார் நந்தன் என்று கேட்பவனுக்குப் புரிந்துவிடும். வெள்ளைக்காரனை ஆண்டை இடத்தில் நிறுத்த அவர் தனியாக ஒரு வரி எழுதத் தேவைப்படவில்லை, மெட்டே அதைச் செய்துவிட்டது. கூடவே, நந்தனை ஏசிய நம்மூர் ஆண்டைக்கும் ஒரு குட்டு.

அப்புறம் கண்ணன் பாட்டு. "சின்னஞ்சிறு கிளியே" பாட்டின் தலைப்பில் ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று போட்டு, "ஸ ஸ ஸ, ஸா ஸா, பபப" என்று ஸ்வரமே எழுதியிருக்கிறார். அதோடு விட்டாரா? இந்த ஸ்வர வரிசையை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவப்படி மாற்றிப் பாடலாம் என்றும் குறிப்பு. பின்னால் வந்த ஒவ்வொரு இசையமைப்பாளருக்கும் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதி அது. 1951இல் 'மணமகள்' படத்துக்கு சி.ஆர். சுப்பராமன் அதை ராகமாலிகை ஆக்கினார். எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடியது. காபி ராகத்தில் தொடங்கும் அந்த மெட்டுதான் இன்றைக்குக் கச்சேரி மேடையிலும் நடன அரங்கிலும் கல்யாண ரிசப்ஷனிலும் ஓடுகிறது.

ஒரு விழாவில் வம்புக்கென்று பைரவியில் பாட வைத்தேன். முன் வரிசையிலிருந்து ஒரு மாமா கையைத் தூக்கி, "தம்பி, ஒரிஜினல் மெட்டில் பாடச் சொல்லுங்கள்" என்றார்!

---

நெல்லைக்காரி எழுதியது:

அண்ணாச்சி, அந்த மாமாவை நினைத்துச் சிரித்து முடியவில்லை. ஆனால் உங்கள் இரண்டு பேரிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு.

பாரதி கவிஞர் மட்டுமில்லை, போராளியும்தானே? இசைத்தட்டில் நின்றது கவிஞர் மட்டும்தான். போராளியை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். 'கப்பலோட்டிய தமிழன்' படத்தையே எடுங்கள். வ.உ.சி.யின் கதை. திருச்சி லோகநாதன் குரலில் "என்று தணியும் இந்தச் சுதந்திர தாகம்", "தண்ணீர் விட்டோ வளர்த்தோம்" எல்லாம் அதில் உண்டு. இன்றைக்கு எந்த எஃப்எம்மில் அவை கேட்கின்றன? ஆகஸ்ட் 15 காலையில் ஒரு தடவை, அவ்வளவுதான். வருடம் முழுக்க ஓடுவது ஜெமினிக்கும் சாவித்திரிக்கும் போட்ட "காற்று வெளியிடைக் கண்ணம்மா". பி.பி. ஸ்ரீநிவாஸ், சுசீலா, ஜி. ராமநாதன் யாரையும் குறை சொல்லவில்லை. நானும் அந்தப் பாட்டுக்கு அடிமைதான். ஆனால் செக்கிழுத்தவர் படத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது டூயட்.

அப்புறம் "சுட்டும் விழிச் சுடர்". ரகுமான் இசையில் ஹரிஹரன் பாடியது, 2000இல். "கன்னத்தில் முத்தமிட்டால்" படத் தலைப்பு. "காற்று வெளியிடை" படத் தலைப்பு. பாரதி என்றால் காதல் வரி விற்கிற கடை மாதிரி ஆகிவிட்டது. "தனியொருவனுக் குணவிலை யெனில்" என்ற வரியை யாராவது டூயட் நடுவே வைப்பார்களா?

இசைத்தட்டின் அளவும் ஒரு காரணம். பழைய 78 ஆர்பிஎம் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். நீண்ட பாட்டில் இரண்டு மூன்று சரணத்தைப் பொறுக்க வேண்டும். பொறுக்கும்போது எது விடுபடும்? சங்கடமான சரணம்தான்.

---

மாடிவீட்டு ரேடியோ எழுதியது:

நெல்லைக்காரி அக்கா, கோபம் நியாயம். ஆனால் 80களை நீங்கள் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

'வறுமையின் நிறம் சிவப்பு' (1980). டெல்லியில் வேலை கிடைக்காமல் பட்டினி கிடக்கிற பையன், வாயைத் திறந்தால் பாரதி. எம்.எஸ்.வி. இசையில் எஸ்.பி.பி. பாடிய "நல்லதோர் வீணை செய்தே" அங்கே அலங்காரத்துக்கு இல்லை. படித்துவிட்டுச் சும்மா இருந்த ஒரு தலைமுறைக்கு அது சொந்தப் பாட்டு. "சொல்லடி சிவசக்தி" என்ற இடத்தில் எஸ்.பி.பி. குரலைக் கவனியுங்கள், கெஞ்சலும் அதட்டலும் ஒன்றாக வரும்.

1982, பாரதி நூற்றாண்டு. 'ஏழாவது மனிதன்'. ஆலை முதலாளியை எதிர்த்து ஊர்மக்கள் நிற்கிற கதை, ரகுவரனின் முதல் படம், கே. ஹரிஹரன் இயக்கம். பாடல் எல்லாமே பாரதி. எல். வைத்தியநாதன் இசை. "வீணையடி நீ எனக்கு" இருக்கிற அதே ஆல்பத்தில்தான் "நெஞ்சில் உரமுமின்றி"யும் இருக்கிறது. நடிப்புச் சுதேசிகளைக் கிழித்துத் தொங்கவிட்ட பாட்டை எழுபது வருடத்துக்கும் மேல் கழித்து உள்ளூர் முதலாளி மேல் திருப்பியிருக்கிறார்கள். கவிஞர் வேறு, போராளி வேறு என்று பிரித்த கணக்கு அங்கே செல்லாது.

1985இல் 'சிந்து பைரவி', "மனதில் உறுதி வேண்டும்", யேசுதாஸ். அதை நான் போராட்டப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் அதைப் பாடிக் கேட்டிருக்கிறோம்? "பெண் விடுதலை வேண்டும்" என்ற வரி அதற்குள்தானே உட்கார்ந்திருக்கிறது.

---

துக்கடா எழுதியது:

சினிமாவைச் சுற்றியே போகிறீர்கள். கச்சேரிப் பக்கம் ஒரு எட்டு வாருங்கள்.

பாரதி 'சங்கீத விஷயம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். பிறந்தது முதல் பார்க்கிறேன், வித்வான் வாதாபி கணபதியில் ஆரம்பித்து அதே சில கீர்த்தனைகளையே எல்லா ஊரிலும் பாடுகிறார், அர்த்தம் தெரியாமல் பாடுகிறார் என்று விளாசியிருப்பார். ஹார்மோனியத்தின் மேலும் அவருக்கு அத்தனை கோபம். அதே வித்வான்கள் வழியாகத்தான் பின்னால் அவர் பாட்டு தட்டில் ஏறியது என்பது வேடிக்கை.

ஏற்றியவர்களில் முதல் மரியாதை பட்டம்மாளுக்குத்தான். சினிமாவுக்குப் பின்னணி பாடக் கேட்டால் தேசபக்தி, பக்தி இரண்டு மட்டும் பாடுவேன் என்று நிபந்தனை போட்டவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று வானொலியில் அவர் பாடியதும் "ஆடுவோமே"தான். "தீராத விளையாட்டுப் பிள்ளை" 'வேதாள உலகம்' படத்துக்காக 1948இல் அவர் பாடியது. இன்றைக்கும் நடன வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிற பாட்டு அது. அவர் குரலில் ஒரு விசேஷம் பாருங்கள், அனாவசிய சங்கதி ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும். பாரதிக்கு வேண்டியது அந்த உச்சரிப்பு. சில பெரியவர்கள் பாடியதில் "சுதந்திரம்" எங்கே முடிகிறது, கமகம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது (பெயர் சொன்னால் இழை பற்றி எரியும்).

ஆனால் ஒரு குறை எனக்கும் உண்டு. 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்து, மேடையில் தமிழ்ப் பாட்டு பாட வேண்டும் என்று இயக்கமே நடந்த பிறகும் பாரதிக்குக் கச்சேரியில் கிடைத்த இடம் கடைசி அரைமணிதான். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிக் கூட்டம் காரை எடுக்கப் போனபிறகு ஒரு "ஆசை முகம் மறந்து போச்சே". கச்சேரிக் கடைசியில் வரும் அந்தக் குட்டிப் பாட்டைத்தான் துக்கடா என்பார்கள்; என் பெயரை ஏன் இப்படி வைத்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

---

கீபோர்டு அண்ணாச்சி எழுதியது:

துக்கடா சார், கடைசி அரைமணியில் கிடைத்ததால்தான் பாட்டு பிழைத்தது என்றும் சொல்லலாமே? மெயின் ராகமாக ஒரு மணி நேரம் விரித்திருந்தால் என்னை மாதிரி ஆள் எடுத்து வாசித்திருக்க முடியாது.

இன்னொரு ஆளை விட்டுவிட்டோம். பாரதி மேல் கொண்ட பிடிப்பில் தன் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டவர். "துன்பம் நேர்கையில்" பாட்டை தண்டபாணி தேசிகர் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தார். 1951இல் 'ஓர் இரவு' வழியாகப் பட்டிதொட்டி எங்கும் போனது. கவிஞர் எழுதிய தனிப் பாட்டை எடுத்துப் படத்தில் வைக்கலாம், மக்கள் கேட்பார்கள் என்ற தைரியம் தயாரிப்பாளருக்கு எங்கிருந்து வந்தது? 'நாம் இருவர்' ஓடியதால் வந்தது. இரண்டும் ஒரே ஏ.வி.எம். படங்கள் என்பதைக் கவனியுங்கள். பாரதி பாட்டின் செல்வாக்கு என்று அவர் பாட்டை மட்டும் எண்ணினால் கணக்கு குறைந்துவிடும்.

---

பழைய தட்டு எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோடு நான் ஒத்துப்போகிறேன். நெல்லைக்காரி அம்மாவுக்கு என் பதில்: எதைப் பாடுவது என்று தேர்ந்தெடுத்தது சந்தை, சரி. ஆனால் உரிமை பொதுவில் இருந்ததால் சந்தை ஒதுக்கியதையும் யாரோ ஒருவர் எடுத்துப் பாட முடிந்தது. கட்சி மேடையில், கலை இரவில், பள்ளி ஆண்டு விழாவில் அனுமதிக் கடிதம் இல்லாமல் பாடினார்கள். ஒரே கம்பெனி கையில் இருந்திருந்தால் "காற்று வெளியிடை" அப்போதும் வந்திருக்கும், லாபம் தருமே. "நெஞ்சு பொறுக்குதில்லையே" வந்திருக்காது.

இளையராஜாவின் 'பாரதி' (2000) ஆல்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? "நிற்பதுவே நடப்பதுவே" ஒரு தத்துவக் கேள்வி. கிட்டத்தட்ட சித்தர் பாட்டு. அதை ஹரிஷ் ராகவேந்திரா குரலில் ஆட்டோ டிரைவரும் முணுமுணுக்கிற பாட்டாக ஆக்கியது சாதாரண வேலை இல்லை. அதே படத்தில் "கேளடா மானிடா"வைப் பாடியவர் ராஜ்குமார் பாரதி, கவிஞரின் கொள்ளுப்பேரன். "கீழோர் மேலோர்" பேதத்தை உதைக்கிற பாட்டு அது. பாரதியின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. கிராமபோன் இந்தியாவுக்கு வந்து இருபது வருடம் அவர் உயிரோடு இருந்தும் யாரும் பதியவில்லை. அந்த வருத்தத்தோடு இந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு வேறு மாதிரி இருக்கும்.

---

சேலத்து அப்பா எழுதியது:

பெரியவர்கள் பேச்சின் நடுவே ஒரு நடைமுறைக் கேள்வி. பாரதி பாட்டு பொதுச்சொத்து என்கிறீர்கள். என் மகள் "காக்கைச் சிறகினிலே நந்தலாலா" பாடியதை வீடியோவாக ஏற்றினேன். மறுநாளே ஓர் இசை நிறுவனத்திடமிருந்து காப்பிரைட் உரிமைக் கோரல். ஒலியை நிறுத்திவிட்டார்கள். ஓமந்தூரார் வாங்கிக் கொடுத்ததை இவர்கள் எப்படித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்?

---

வக்கீல் தம்பி எழுதியது:

அண்ணா, மகள் எந்த மெட்டில் பாடினாள்? யேசுதாஸ் மெட்டுதானே?

அங்கேதான் விஷயம். பொதுவில் இருப்பது பாரதியின் வரிகள். 'ஏழாவது மனிதன்' மெட்டு எல். வைத்தியநாதனுடைய படைப்பு. அவர் 2007இல் காலமானார். இந்தியச் சட்டப்படி இசைக்கு ஆசிரியர் ஆயுளுக்குப் பின் 60 வருடம், அதாவது 2067 முடியும் வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வேறு கணக்கு, வெளியானதிலிருந்து 60 வருடம். 'கப்பலோட்டிய தமிழன்' ஒலிப்பதிவுக்கு அந்தக் காலம் 2021உடன் முடிந்துவிட்டது. ஆனால் அதிலும் ஜி. ராமநாதனின் மெட்டை ஒலிப்பதிவிலிருந்து பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அவர் 1963இல் இறந்தார், 2023உடன் அதுவும் தீர்ந்தது. ஆக "காற்று வெளியிடை"யை மகள் தாராளமாகப் பாடலாம். "காக்கைச் சிறகினிலே" அந்த மெட்டில் என்றால் சிக்கல்தான்.

நியாயமா என்று கேட்டால், மெட்டுப் போட்டவருக்குப் பலன் போக வேண்டும் என்பதை நான் மறுக்க மாட்டேன். எரிச்சல் எங்கே என்றால், தானியங்கி அமைப்பு வரியையும் மெட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வேறு மெட்டில் பாடினவர்களுக்கும் சில நேரம் கோரல் வருகிறது. அப்படி வந்தால் மறுப்பு எழுதுங்கள். வரி பாரதி, மெட்டு சொந்தம் அல்லது மரபு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

---

துக்கடா எழுதியது:

சேலத்து அப்பாவுக்கு ஒரு யோசனை. நந்தலாலா பாட்டுக்குப் பாரதி தானே ராகம் போட்டிருக்கிறார். யதுகுல காம்போதி, ஆதி தாளம். பாட்டு கற்றுக்கொடுக்கிறவர் யாராவது இருந்தால் அந்த ராகத்தில் எளிமையாக நாலு சரணம் அமைத்துத் தரச் சொல்லுங்கள். எந்த நிறுவனமும் நியாயமாக உரிமை கோர முடியாது.

---

சேலத்து அப்பா எழுதியது:

பாட்டு டீச்சரிடம் கேட்டுவிட்டேன் சார். அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மகள் இப்போதுதான் ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடத்தில் இருக்கிறாள், யதுகுல காம்போதிக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார். அதுவரை "ஓடி விளையாடு பாப்பா" பாடச் சொல்லியிருக்கிறார். அதன் மெட்டு யாருடையது என்று வக்கீல் தம்பி பார்த்துச் சொன்னால் நல்லது, ஏற்றுவதற்கு முன்னால்.